பற்பசைக்குள் என்ன இருக்கிறது? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பற்பசை பற்றி வன்னியில் வருகிற கேள்விகளில் பாதி, கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், குடிதண்ணீரைப் பற்றிய கேள்விகளாக இருக்கும். கடும்பாறை நிலத்தில் இருக்கும் ஊர்கள் பலவற்றில், குறிப்பாக வவுனியாப் பக்கம், கிணற்று நீரிலேயே புளோரைட்டு கரைந்து வருகிறது. பற்பசையிலும் அதே புளோரைட்டுத்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நல்ல பற்பசையைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே கிணற்றுத் தண்ணீரில் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் இருக்கின்றன. ஆகவே இங்கே பற்பசையோடு கிணறும் சேர்ந்தே வரும்.

பற்பசையில அப்பிடி என்னதான் கலக்கிறாங்கள்?

நிறையைப் பார்த்தால் மூன்று பொருட்கள்தான் ரியூபை நிரப்புகின்றன. பல்லில் படிந்த அழுக்கை உரசி எடுக்கும் நுண்ணிய தூள் ஒன்று. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று அல்லது சிலிக்கா. பசை காய்ந்து கட்டியாகாமல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின் அல்லது சோபிற்றோல் இன்னொன்று. மிச்சம் தண்ணீர். இவற்றோடு நுரைக்கு ஒரு சவர்க்காரப் பொருள், தடிப்பாக்க ஒரு பசைப்பொருள், இனிப்புக்குச் சக்கரின், மணத்துக்குப் புதினா எண்ணெய், கெடாமல் இருக்க ஒரு பதனப் பொருள் என்று சிறு சிறு அளவுகளில் சேரும். இனிப்பாக இருக்கிறதே, சூத்தை வராதா என்று கேட்பவர்கள் உண்டு. சக்கரினிலும் சோபிற்றோலிலும் பல்லைக் கெடுக்கும் கிருமிக்குப் பெரிய தீனி இல்லை, பயப்பட வேண்டாம்.

இத்தனைக்குள்ளும் சூத்தையைத் தடுப்பதில் நன்றாக நிரூபிக்கப்பட்ட பொருள் புளோரைட்டு. சாதாரணப் பசைகளில் அது ரியூபின் நிறையில் 0.15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

புளோரைட்டு பல்லுக்கு என்ன செய்யுது?

ஒரு பிள்ளை பின்னேரம் சீனி போட்ட தேத்தண்ணியும் பிஸ்கற்றும் சாப்பிடுகிறது என்று வையுங்கள். வாயிலிருக்கும் கிருமிகள் அந்தச் சீனியைத் தின்று அமிலம் விடும். பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஏறி பீ.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5 இற்குக் கீழே போனால், பல்லின் வெளிப்புறக் கடினப் படையான எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்கும். அரை மணித்தியாலம் போல உமிழ்நீர் போராடி அதைச் சமன்செய்யும். வெளியேறிய கனியத்தில் கொஞ்சம் திரும்ப வந்து சேரும். பக்கத்தில் புளோரைட்டு இருந்தால் திரும்பச் சேர்வது வேகமாக நடக்கும். அப்படிச் சேர்ந்த படை முன்னையதைவிட உறுதியானது, பீ.எச். 4.5 அளவுக்குப் போனால்தான் கரையும்.

கவனிக்க வேண்டியது, இதெல்லாம் பல்லின் மேற்பரப்பில் நடக்கும் வேலை. பற்பசையை விழுங்குவதால் முளைத்த பல்லுக்கு ஒரு நன்மையும் இல்லை. வாயில் இருக்கும்போதுதான் அதற்குப் பலன்.

பின்னேரத் தேத்தண்ணியை ஒரு தரம் குடித்து முடிப்பதும், ஒரு கோப்பையை இரண்டு மணித்தியாலத்துக்கு வைத்து உறிஞ்சுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. எந்தப் பற்பசையாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ரியூபில எந்த இலக்கத்தைப் பார்த்து வாங்கவேணும்?

"பிபிஎம்" (பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு புளோரைட்டு) என்று போட்டிருக்கும் இலக்கத்தை. 1000 இலிருந்து 1500 வரை இருந்தால் சூத்தையைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். பெரியவர்களுக்கான பசைகளில் வழக்கமாக 1450 இருக்கும். சிலவற்றில் சதவீதமாகப் போட்டிருப்பார்கள்: சோடியம் புளோரைட்டு 0.22 சதவீதம் என்றால் 1000 பிபிஎம், 0.32 சதவீதம் என்றால் 1450. சோடியம் மொனோபுளோரோபொஸ்பேற்று என்றால் கணக்கு வேறு, 0.76 சதவீதம்தான் 1000 பிபிஎம்.

ஏன் இரண்டு வகை? கல்சியம் காபனேற்றுத் தூள் கலந்த பசைக்குள் சோடியம் புளோரைட்டைப் போட்டால், அது கல்சியத்தோடு பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகிவிடும், பல்லுக்கு உதவாது. அதனால் அந்தப் பசைகளில் மொனோபுளோரோபொஸ்பேற்றுப் போடுகிறார்கள். அதுகூட வெயிலிலும் நாட்பட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வலுக்குறையும். தகரக் கூரைக் கடையின் முகப்பில், வெயில் படுகிற இடத்தில் தொங்குகிற ரியூபை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முடிவுத் திகதி ரியூபின் மடிப்பில் அழுத்தப்பட்டிருக்கும்.

எங்கட கிணத்துத் தண்ணியிலயே புளோரைட்டு கூடவாம். பிறகேன் பற்பசையிலயும்?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

குடிநீரில் புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெக்கையான நாட்டில் ஆட்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள் அல்லவா. இலங்கையின் குடிநீர்த் தரம் அதைவிட இறுக்கமாக 1 மில்லிகிராம் என்று நிற்கிறது. இப்போது ஒரு குழாய்க்கிணற்றில் 2 மில்லிகிராம் இருக்கிறது என்று எடுங்கள். நாலு வயதுப் பிள்ளை தண்ணியும் தேத்தண்ணியும் சேர்த்து ஒரு லீற்றர் குடித்தால், உடம்புக்குள் போவது 2 மில்லிகிராம். அதே பிள்ளை பட்டாணி அளவு (கால் கிராம்) 1000 பிபிஎம் பசையால் பல் தீட்டி, ஒரு துளிகூடத் துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் போவது கால் மில்லிகிராம்தான். எட்டில் ஒரு பங்கு. காலையும் இரவும் விழுங்கினாலும் நாலில் ஒரு பங்குதான்.

பசையைக் கண்டபடி போட்டால் இந்தக் கணக்கு கெடும். விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ்ஷின் நீளத்துக்குப் பிதுக்கினால் ஒரு கிராமுக்குக் குறையாது. 1450 பிபிஎம் பசையில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிகிராம். காலையும் இரவும் அதைப் பிள்ளை விழுங்கினால் கிணற்றோடு போட்டிபோடும் அளவு. பசையின் அளவைக் குறையுங்கள், துப்பப் பழக்குங்கள், தண்ணீரை மாற்றுங்கள். பசையை மட்டும் நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தொடர்வதுதான் எல்லாவற்றிலும் பிழையான வழி.

ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடிக்கும் இயந்திரம்) தண்ணிக்கு மாறிவிட்ட வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்த இயந்திரம் புளோரைட்டையும் வடித்து எடுத்துவிடும். தண்ணீரில் இருந்து பல்லுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. ஆகவே அங்கே புளோரைட்டுப் பற்பசையின் தேவை முந்தியைவிடக் கூடும். மழைநீர் சேகரித்துக் குடிப்பவர்களுக்கும் இதே கதைதான்.

தண்ணியைக் கொதிக்கவைச்சா புளோரைட்டு போகுமோ?

போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிஞ்சியிருப்பதில் செறிவு கூடும். நாள் முழுக்க அடுப்பில் கிடந்து கொதிக்கும் கேத்தலை யோசித்துப் பாருங்கள். சாதாரண மண் வடிகட்டியும் துணியும் இதற்கு உதவா, ஆர்.ஓ. உதவும். கிருமிக்காகக் கொதிக்கவைப்பது வேறு விடயம், அதை நிறுத்த வேண்டாம்.

தேயிலையும் இதில் கூட்டாளி. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. புளோரைட்டு கூடிய கிணற்று நீரில் ஊற்றிய சாயத்தண்ணியை மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது இரட்டை வரவு. எங்கள் பக்கம் கைக்குழந்தைக்கும் ஒரு மிடறு தேத்தண்ணி பருக்குகிற பழக்கம் இருக்கிறது. பல்லுக்காக மட்டுமல்ல, இரும்புச்சத்துக்காகவும் அதை விடுவது நல்லது. தாய்ப்பாலில் புளோரைட்டு மிகமிகக் குறைவு. பால்மா கரைக்கிற தண்ணீர்தான் கவனிக்க வேண்டியது.

கிணறு எப்படி என்று கண்ணால் பார்த்தோ ருசித்தோ சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்து வளவுக் கிணறுகளே வேறுபடும். ஆழமான குழாய்க்கிணறுகளில் கூடுதலாக இருப்பது வழக்கம். உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், அல்லது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். புளோரைட்டையும் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்க வேண்டும். கிருமிக்கான சோதனையில் அது வராது.

மகளுக்கு முன்பல்லில மண்ணிறக் கறை. எந்தப் பற்பசை போட்டா போகும்?

முளைக்கும்போதே அந்தக் கறையோடு முளைத்த நிரந்தரப் பல் என்றால், எந்தப் பற்பசைக்கும் போகாது. அது பல்லுக்கு மேல் ஒட்டிய அழுக்கல்ல. எனாமல் உருவான காலத்தில், அதாவது பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரை, புளோரைட்டு கூடிப்போனதால் எனாமலுக்குள்ளேயே ஏற்பட்ட மாற்றம். லேசானதில் வெள்ளைத் திட்டுகள். கூடினதில் மண்ணிறமும் சிறு குழிகளும். உரஞ்சி எடுக்கப் பார்த்தால் எனாமல்தான் தேயும். பல் வைத்தியர் மேற்பரப்பைச் சீர்செய்தோ பல்நிறப் பசை பூசியோ மறைக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். "ஒழுங்காப் பல் தீட்டாததால வந்தது" என்று அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள். அது அவள் செய்த பிழையல்ல.

எத்தனை வயசில பற்பசை தொடங்கலாம், எவ்வளவு போடவேணும்?

முதல் பல் தெரிந்தவுடன் தொடங்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. பசையை எடுத்துப் போடுவது பெரியவர்களின் கையாக இருக்கட்டும். ஸ்ரோபெரி மணமுள்ள பசையைப் பிள்ளைகள் இனிப்பென்று நக்குவார்கள். ரியூபை எட்டாத உயரத்தில் வையுங்கள். சில சிறுவர் பசைகளில் 500 பிபிஎம் மட்டும்தான் உண்டு, சிலவற்றில் புளோரைட்டே இல்லை. படத்தைப் பார்த்து வாங்காமல் இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர்ச் சோதனையில் புளோரைட்டு மிகக் கூட என்று வந்து, பிள்ளை துப்பவும் பழகவில்லை என்றால், எந்தப் பசை என்று பல் வைத்தியரைக் கேட்டே முடிவெடுங்கள்.

பல் தீட்டினாப் பிறகு நல்லா வாய் கொப்பளிக்கவேணும்தானே?

வேண்டாம். கிணற்றடியில் நின்று வாளித் தண்ணியால் ஐந்தாறு தரம் கொப்பளித்து, தொண்டை வரை காறித் துப்பினால்தான் நம்மவர்களுக்குத் திருப்தி. ஆனால் அந்தத் தண்ணியோடு காசு கொடுத்து வாங்கிய புளோரைட்டும் வாழைப் பாத்திக்குப் போகிறது. நுரையைத் துப்புங்கள். வாய் ஒருமாதிரி இருந்தால் ஒரு சிறங்கைத் தண்ணியோடு நிறுத்துங்கள். இரவில் தீட்டிவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் படுத்தால் அதன் பலன் கூட. நித்திரையில் உமிழ்நீர் குறைவதால், இரவில்தான் பல்லுக்குக் காவல் தேவை.

நுரை கூட வந்தால் நல்ல பற்பசை எண்டு அர்த்தமோ?

இல்லை. நுரைக்குக் காரணம் சோடியம் லோரைல் சல்பேற்று, ஷாம்புவிலும் அதுதான். அழுக்கைக் கொஞ்சம் இளக்கும், பசையை வாயெங்கும் பரப்பும், அவ்வளவே. அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் அது இல்லாத பசையை ஒரு மாதம் பாவித்துப் பார்க்கலாம். சிலருக்குப் புண் குறைகிறது. அந்தப் பொருளையும் ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.எல்.எஸ். என்றே எழுதுவதால், பெட்டியில் இருக்கும் இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரையைக் கண்டு பயந்து பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். முத்திரை இருப்பது நல்லது.

உமிக்கரியால தீட்டின எங்கட அப்பு எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சவர். இப்ப கரிப் பற்பசையும் வருது. நல்லதுதானே?

அப்பு சாகும்வரை கரும்பு கடித்ததற்குக் காரணம் கரியல்ல. அவர் சின்ன வயதில் பணிஸும் சோடாவும் கண்டிருக்க மாட்டார். நெல் உமியில் சிலிக்கா நிறைய உண்டு. உமியைச் சுட்டால் கரியோடு அதுவும் மிஞ்சும். வீட்டில் இடித்த உமிக்கரியின் துணிக்கைகள் கரடுமுரடாக, ஒன்றுக்கொன்று அளவு மாறி இருக்கும். விரலில் தொட்டுத் தேய்க்கும்போது மணற்கடதாசி மாதிரி வேலை செய்யும். பல் வெளுத்ததுபோலத் தெரியும். வருடக்கணக்கில் தேய்த்தவர்களின் பல் கழுத்தில், முரசோடு சேரும் இடத்தில், நகம் கொளுவுமளவுக்குப் பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். செங்கல் தூளும் சாம்பலும் இதே வகைதான். இல்லாத காலத்தில் அவற்றோடு சமாளித்தோம், அது வேறு.

கடைக் கரிப் பற்பசையில் தூள் நுண்ணியது. ஆனாலும் பலவற்றில் புளோரைட்டு இருப்பதில்லை. கறை நீக்கும் என்ற வாக்குக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

வேப்பங்குச்சி?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது சும்மா வந்த சொல்லல்ல. நுனியை மென்று தும்பாக்கி, ஒவ்வொரு பல்லாகப் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்கு நன்றாகப் போகும். வேம்பின் கைப்பிலும் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு. முஸ்லிம்கள் பல் தீட்டப் பாவிக்கும் மிஸ்வாக் குச்சியும் அப்படித்தான். குறைகள் இரண்டு: கடைவாய்ப் பற்களின் உட்பக்கத்துக்குக் குச்சி போகாது, சூத்தையைத் தடுக்குமளவுக்கு அதில் புளோரைட்டும் இல்லை. காலையில் குச்சி, இரவில் பசையும் பிரஷ்ஷும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சரி.

கராம்பு, உப்பு, மூலிகைப் பற்பசைகள் எப்பிடி?

கராம்பு எண்ணெயிலுள்ள யூஜினோல் வலியைக் கொஞ்சம் மரக்கவைக்கும். பல் வைத்தியமே அதைப் பாவிக்கிறது. பசையில் இருக்கும் அளவு மணத்துக்குக் காணும், சூத்தைக் குழியை மூடாது. உப்பு விடயத்தில், ஆனையிறவு உப்பில் ஒரு தேக்கரண்டியை இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்துக் கொப்பளிப்பது பல் பிடுங்கிய மறுநாள் தொட்டு உதவும். உப்புக்கல்லைப் பல்லில் வைத்துத் தேய்ப்பது கேடு. மூலிகைப் பசை பிடிக்குமென்றால் தாராளமாக வாங்குங்கள். பச்சை இலைப் படத்துக்குக் கீழே புளோரைட்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருப்பவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு.

தேசிக்காய்ச் சாறும் அப்பச்சோடாவும் சேர்த்துத் தேய்த்தால் வெளுக்கும் என்று கைப்பேசியில் சுற்றுகிற காணொளியை நம்பி யாரும் இறங்க வேண்டாம். தேசிக்காய் அமிலம் எனாமலைக் கரைக்கும். கரைந்து இளகிய பல்லை உரஞ்சினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குளிர்தண்ணி பட்டாலே பல்லுக் கூசுது. கூச்சத்துக்கான பற்பசை வேலை செய்யுமோ?

செய்யும், பொறுமை இருந்தால். பெரும்பாலும் அவற்றில் 5 சதவீதம் பொற்றாசியம் நைத்திரேற்று இருக்கும். அது பல்லின் நரம்பை அமைதிப்படுத்தும். இரண்டு முதல் நாலு கிழமை விடாமல் பாவித்தால்தான் வித்தியாசம் தெரியும். வேறு சில, ஸ்டனஸ் புளோரைட்டு போன்றவற்றால் பல்லிலுள்ள நுண்குழாய்களை அடைக்கும். ஒரே ஒரு பல்லில் மட்டும் கூச்சம், அல்லது சூடு பட்டால் விண்விண்ணென்று நெடுநேரம் குத்துகிறது என்றால் பசை வாங்கிக் காலத்தைக் கடத்தாமல் வைத்தியரிடம் போங்கள்.

முரசால இரத்தம் வருது. பற்பசையை மாத்தவோ?

முரசோரம் தங்கிய அழுக்கு கல்லாக இறுகிவிட்டால் அதை எந்தப் பசையும் கரைக்காது. சிங்க் சிற்றேற்று, பைரோபொஸ்பேற்று கலந்த பசைகள் புதிய கல் சேர்வதைக் குறைக்கும், இருப்பதைக் கழற்றா. அரசாங்க வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவில் இலவசமாகக் கல் எடுப்பார்கள். இரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தீட்டாமல் விட்டால் இன்னும் கூடும். மெதுவாகத் தொடர்ந்து தீட்ட வேண்டும். நீரிழிவு இருப்பவர்களுக்கு முரசு நோய் விரைவாக முற்றும், முரசு நோய் சீனியையும் ஏற்றும். முரசில் அடிக்கடி இரத்தம் வந்தால் சீனியையும் ஒருக்கால் பாருங்கள்.

வெத்திலைக் காவி போக எந்தப் பற்பசை நல்லது?

சிலிக்கா கலந்த எந்தப் பசையும் காவியை ஓரளவு எடுக்கும். ஆனால் வயலுக்குப் போகும்போது மடியில் வெற்றிலைச் சரையோடு போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. புகையிலை சேர்க்காத வெற்றிலையும், வெறும் பாக்குமே புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படை, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழையுமளவுக்கு வாய் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கிழமையே பற்சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். அங்கே பத்து நிமிட வேலை.

ரியூபின்ர அடியில பச்சைக் கட்டம் எண்டா இயற்கை, கறுப்பெண்டா இரசாயனமாம்?

பொய். அது ரியூபை எங்கே வெட்டி மடிப்பது என்று பொதிசெய்யும் இயந்திரத்தின் கண்ணுக்குக் காட்டும் அடையாளம்.

ட்ரைக்ளோசன் ஆபத்தெண்டு சொல்லுறாங்களே?

அது கிருமிகொல்லி. 2016 இல் அமெரிக்கா அதைக் கைகழுவும் சவர்க்காரங்களில் தடைசெய்தது, பற்பசையில் செய்யவில்லை. என்றாலும் கொல்கேட் டோட்டல் அங்கே 2019 இல் அதை எடுத்துவிட்டு வந்தது. உங்கள் கையிலுள்ள ரியூபின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மனம் ஒவ்வாவிட்டால் வேறொன்றை வாங்குங்கள். சாதாரண புளோரைட்டுப் பசைக்கு அது தேவையில்லை.

நோன்பு நாளில பற்பசை பாவிக்கலாமோ?

மார்க்கத் தீர்ப்பை மௌலவியிடம் கேளுங்கள். பல்லின் பக்கம் நின்று சொன்னால், சஹர் (விடியுமுன் சாப்பாடு) முடித்தவுடன் ஒரு தரமும், இரவில் கடைசியாகச் சாப்பிட்ட பிறகு ஒரு தரமும் பசையால் தீட்டினால் போதும். பகலில் மிஸ்வாக் இருக்கிறது. நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்துக்குப் பிறகு ஒரு மிடறு வெறுந்தண்ணி குடியுங்கள்.

அம்மாவின்ர கட்டுப்பல்லையும் பற்பசையால கழுவலாமோ?

வேண்டாம். பசையிலுள்ள உரசும் தூள் அந்தப் பிளாஸ்ரிக்கில் நுண்ணிய கீறல் போடும். கீறலுக்குள் அழுக்கும் பங்கசும் குடியேறும். சாதாரண சவர்க்காரமும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு பேசின் தண்ணி வையுங்கள், கைதவறி விழுந்தாலும் உடையாது. இரவில் கழற்றித் தண்ணியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்; கொதிதண்ணியில் போட்டால் வளைந்துவிடும். அம்மாவின் வாயில் இன்னும் இரண்டு சொந்தப் பல் நிற்கிறது என்றால், அவற்றுக்கு 1450 பிபிஎம் பசைதான்.